ஊசி போட்டாச்சே, மாத்திரை எதுக்கு? மலேரியா தடுப்பூசியையும் தடுப்பு மருந்தையும் சேர்த்து நடத்தும் முறை

கானாவின் வடகோடியில் இருக்கும் அப்பர் ஈஸ்ட் பகுதியில் குழந்தைகள் நலத் திட்டத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்புதான். அவர்களில் தமிழ் பேசும் நர்ஸ்களும் பொதுச் சுகாதாரம் படித்தவர்களும் அவ்வப்போது இருப்பார்கள். வந்து இறங்கியதும் அவர்கள் கையில் இரண்டு அட்டவணை போய்ச் சேரும். ஒன்று தடுப்பூசிக்கு, மற்றது மாத்திரைக்கு, அதாவது மலேரியா வராமல் தடுக்க மழைக்காலத்தில் 28 நாளுக்கு ஒரு சுற்றாகக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்துக்கு. இரண்டையும் எழுதியவர்கள் வேறு, கொண்டுவரும் வண்டி வேறு, கணக்குக் கேட்கும் மேலதிகாரியும் வேறு. ஆனால் இரண்டும் போய்ச் சேர வேண்டியது ஒரே குழந்தைக்கு. அதை எப்படிப் பொருத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தளவைப் பொறுத்தவரை நீங்கள் வேலை செய்யும் நாட்டின் வழிகாட்டி சொல்வதே முடிவு.

இரண்டும் எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் தெளிவாகத் தெரியாமல் யாரும் ஊருக்குள் இறங்க வேண்டாம். தாய்மார் முதலில் கேட்பது இதைத்தான்.

கொசு கடிக்கும்போது உள்ளே வரும் மலேரியா ஒட்டுண்ணி ஒரு மணி நேரத்துக்குள் கல்லீரலை எட்டிவிடும். அங்கே ஒரு வாரம் போலத் தங்கிப் பெருகி, பிறகு ஆயிரக்கணக்கில் ரத்தத்தில் இறங்கும். காய்ச்சல் வருவது அப்போதுதான். மலேரியா தடுப்பூசியில் இரண்டு வகை, ஆர்டிஎஸ்,எஸ் ஆனாலும் ஆர்-21 ஆனாலும், அது குறிவைப்பது கொசுவிடமிருந்து வரும் ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத்தை. கல்லீரலுக்குப் போகும் வழியிலேயே மறிப்பதுதான் அதன் வேலை. மறிப்பையும் தாண்டிச் சில தப்பிவிடும். தப்பியவை ரத்தத்துக்குள் வரும்போது, அங்கே ஏற்கெனவே மாத்திரையின் இரண்டு மருந்துகளான சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமினும் அமோடியாகுயினும் இருந்தால், பெருக விடாமல் அடக்கிவிடும். ஒன்று வாசற்காவல் என்றால் மற்றது வீட்டுக்குள் காவல்.

இரண்டுக்கும் தனித்தனிக் குறைகள் உண்டு. ஊசியால் உடலில் உருவாகி நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள், போட்ட சில வாரங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு மாதத்துக்கு மாதம் இறங்கும். மாத்திரையின் காவல் 28 நாள் போல நிற்கும், அடுத்த சுற்று தள்ளிப்போனால் குழந்தை வெறுமனே நிற்கும். மழைக்காலத்துக்கு வெளியே மாத்திரை கிடையாது. ஊசியின் பலன் குறைந்தாலும் வருடம் முழுக்கக் கொஞ்சமாவது இருக்கும். ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கிறது.

இது காகிதத்தில் போட்ட கணக்கு மட்டும் இல்லை. புர்கினா ஃபாசோவின் ஹூண்டே மாவட்டத்திலும் மாலியின் பூகூனி மாவட்டத்திலும் 2017-இல் தொடங்கிய ஆய்வில் சுமார் 5,900 குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாத்திரை மட்டும், ஒரு குழுவுக்கு மழைக்கு முன் ஆர்டிஎஸ்,எஸ் ஊசி மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். மூன்று வருடம் பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரம் குழந்தைகளை ஒரு வருடம் கவனித்தால் எத்தனை மலேரியா என்ற கணக்கில், மாத்திரை மட்டும் பெற்றவர்களிடம் சுமார் 305, ஊசி மட்டும் பெற்றவர்களிடம் 278, இரண்டும் பெற்றவர்களிடம் 113. மாத்திரை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், இரண்டும் பெற்றவர்களைக் கடுமையான மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ப்பது சுமார் 70 சதவீதம் குறைந்தது. மலேரியா இறப்பு சுமார் 73 சதவீதம் குறைந்தது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் முதல் இரண்டு எண்கள். 305-ம் 278-ம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊசி வந்துவிட்டதால் மாத்திரையை நிறுத்திவிட்டால், ஒன்றைக் கொடுத்து அதே அளவு ஒன்றை வாங்கியதாகவே முடியும். பலன் இரண்டும் சேரும்போதுதான் வருகிறது.

பிறந்த மாதத்திலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன் நான் செய்யச் சொல்வது ஒரு வேலை. ஊரில் உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டு வரிசையில் எழுதாமல், பிறந்த மாத வரிசையில் எழுதுங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு தாள் பருவம் முழுக்க உதவும்.

காரணம் இதுதான். அப்பர் ஈஸ்டில் மழைக்காலம் ஒன்றே ஒன்று. மே வாக்கில் மெல்லத் தொடங்கி அக்டோபரில் அடங்கும். மாத்திரைச் சுற்றுகள் ஜூலையில் ஆரம்பித்து 28 நாளுக்கு ஒன்றாகப் போகும். ஊசியோ காலண்டரைப் பார்க்காது, வயதைப் பார்க்கும். கானாவில் முதல் மூன்று ஊசி 6, 7, 9 மாதத்தில். நான்காவது முன்பு 24 மாதத்தில் இருந்தது, பிறகு 18 மாதத்துக்கு மாற்றினார்கள். நல்ல மாற்றம். 24 மாதத்தில் வேறு எந்த ஊசியும் இல்லாததால் தாய்மார் அதற்கென்று தனியாக வர வேண்டியிருந்தது. 18 மாதத்தில் தட்டம்மை-ருபெல்லா இரண்டாவது ஊசி எப்படியும் இருக்கிறது.

இப்போது மூன்று குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் பிறந்த குழந்தைக்கு ஏப்ரலில் முதல் ஊசி, மே மாதம் இரண்டாவது, ஜூலையில் மூன்றாவது. எதிர்ப்பொருள் ஏறுவதும் கொசு பெருகுவதும் ஒன்றாக நடக்கும். முதல் மாத்திரைச் சுற்றும் அதே ஜூலை. அதிர்ஷ்டக் குழந்தை. இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான், மூன்றாவது ஊசியைத் தள்ளிப் போடாமல் பார்ப்பது.

ஜனவரியில் பிறந்த குழந்தைக்கு ஜூலையில் முதல் ஊசி, அக்டோபரில் மூன்றாவது. முதல் மழைக்காலத்தில் ஊசியின் முழுப்பலன் இதற்குக் கிடைக்காது. அந்தப் பருவம் முழுக்க மாத்திரைதான் தாங்க வேண்டும், ஒரு சுற்றைக்கூட விடக் கூடாது. அடுத்த வருடம் ஜூலையில் 18 மாதம் ஆகி, நான்காவது ஊசி சரியான நேரத்தில் விழும்.

ஏப்ரலில் பிறந்த குழந்தையைத்தான் நான் சிவப்பு மையில் எழுதுவேன். ஜூலையில் மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். மாத்திரைக்கு வயது வந்துவிட்டது, ஊசிக்கு இல்லை. முதல் மூன்று ஊசி அக்டோபர், நவம்பர், ஜனவரி என்று வறண்ட காலத்தில் போகும். அடுத்த மழைக்காலம் வரும்போது பலன் இறங்கிக்கொண்டிருக்கும். நான்காவது ஊசிக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பருவமே முடிந்துவிடும். தடுப்பூசி அட்டையைப் பார்த்தால் இந்தக் குழந்தைக்கு எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்டிருக்கும். ஆனால் இரண்டு பருவத்திலும் அதைப் பெரும்பாலும் காப்பது மாத்திரைதான்.

இந்தச் சிக்கலுக்கு உலக சுகாதார நிறுவனமே ஒரு வழி கொடுத்திருக்கிறது. மலேரியா குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் ஏறும் இடங்களில், முதல் மூன்று ஊசியை மாத இடைவெளியில் முடித்துவிட்டு, அடுத்தடுத்த ஊசிகளை வயதைப் பார்க்காமல் ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் போடலாம். ஐந்தாவது ஊசியும் யோசிக்கலாம். மாலி 2025-இல் ஊசியை அறிமுகப்படுத்தியபோது, முதல் மூன்று வயதுப்படி, பிந்தையவை பருவப்படி என்ற கலப்பு முறையை எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்டால், ஒற்றை மழைக்காலம் உள்ள எல்லா இடத்துக்கும் அதுதான் பொருத்தம். ஆனால் நாடு எடுக்க வேண்டிய முடிவை ஒரு நர்ஸ் தன் மேசையில் எடுக்க முடியாது. உங்கள் இடத்தில் வயதுமுறை இருந்தால் வயதுமுறைதான். சிவப்பு மைக் குழந்தைகளின் வீட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு முறை போய்வாருங்கள்.

ஊசி நாள்

இதில் சொல்ல அதிகம் இல்லை, மற்றத் தடுப்பூசிகள் போலத்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது. ஆர்டிஎஸ்,எஸ் என்றால் ஒரு குப்பியில் தூள், ஜோடிக் குப்பியில் திரவம். அந்தத் திரவத்தைத் தவிர வேறு எதிலும் கரைக்காதீர்கள். கரைத்தால் இரண்டு குழந்தைக்கு வரும், ஆறு மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. அதனால் குழந்தைகளை ஜோடியாக வரவழைக்கப் பாருங்கள். வந்திருப்பது ஒரு குழந்தை மட்டும் என்றால் குப்பியை உடைத்துப் போட்டு அனுப்புங்கள். திரும்பிப் போகும் தாய் மறுபடி வருவாள் என்று யாராலும் சொல்ல முடியாது, பாதிக் குப்பி வீணாவது அதைவிடச் சின்ன நஷ்டம்.

இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும். தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். முதல் ஊசி ஒரு வகை, இப்போது கையில் இருப்பது மற்ற வகை என்றால், அதே வகை கிடைக்காத பட்சத்தில் இருப்பதைப் போடலாம்.

மாத்திரை நாட்கள்

உண்மையான வேலை இங்கேதான். சுகாதார நிலையத்துக்கு வெளியே, வீட்டு முற்றத்தில் நடப்பது இது.

ஒரு அட்டையில் நான்கு மாத்திரை இருக்கும். சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின் ஒன்று, அமோடியாகுயின் மூன்று. முதல் நாள் இரண்டிலும் ஒவ்வொன்று, வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் தன்னார்வலரின் கண் முன்னால். இரண்டாம், மூன்றாம் நாள் அமோடியாகுயின் மட்டும், வீட்டில். 3 முதல் 11 மாதக் குழந்தைக்குச் சின்ன அளவு: 250/12.5 மில்லிகிராம் சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமினும், தினம் 75 மில்லிகிராம் அமோடியாகுயினும். 12 முதல் 59 மாதம் வரை அதைப்போல் இரு மடங்கு. பருவத்தின் நடுவில் முதல் பிறந்தநாள் வரும் குழந்தைகள் உண்டு. ஜூலையில் சின்ன அட்டை வாங்கிய குழந்தைக்கு செப்டம்பரில் பெரிய அட்டை தேவைப்படலாம். போன சுற்றின் குறிப்பை அப்படியே பார்த்து எழுதாதீர்கள். பிறந்த மாதத் தாள் இங்கேயும் கைகொடுக்கும்.

மாத்திரையைச் சுத்தமான நீரில் கரைத்துக் கொடுத்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அதற்குள் குழந்தை வாந்தி எடுத்துவிட்டால், பத்து நிமிடம் போல ஓய்வு கொடுத்து, மறுபடி ஒரு முறை கொடுக்கலாம். மறுபடியும் வாந்தி என்றால் அன்று விட்டுவிட்டு சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அமோடியாகுயின் கசப்பு, குழந்தைகளைக் குறை சொல்ல முடியாது. இப்போது வரும் கரையும் மாத்திரையில் இனிப்புச் சுவை சேர்த்திருப்பதால் போராட்டம் குறைந்திருக்கிறது.

இரண்டாம், மூன்றாம் நாளில்தான் அதிகம் நழுவுகிறது. அதற்கு இந்தப் பக்கத்தில் ஒரு காரணம் இருக்கிறது, அட்டவணை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அப்பர் ஈஸ்டின் தலைநகரான போல்கடாங்காவில் மூன்று நாளுக்கு ஒரு முறை சந்தை. மாத்திரையும் மூன்று நாள். நீங்கள் எந்த நாளில் தொடங்கினாலும் அதில் ஒன்று சந்தை நாளாகத்தான் இருக்கும். முதல் நாளே சந்தை என்றால் தாய் வீட்டிலேயே இருக்க மாட்டாள். இரண்டாம் நாள் என்றால் விடியும் முன்பே கிளம்பிவிடுவாள், குழந்தை பாட்டியிடம். மூன்றாம் நாள் என்றால், குழந்தைதான் நன்றாக இருக்கிறதே என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். நான் மூன்றாம் நாள் சந்தையாக வரும்படிச் சுற்றைத் தொடங்குவேன். முதல் இரண்டு நாளில் பழக்கம் வந்துவிடும். கடைசி மாத்திரையை யார் கொடுப்பது என்று முதல் நாளே பாட்டியைக் கூப்பிட்டுப் பேசிவிடுவேன். தாயிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால், பாட்டிக்கு அந்த அட்டை என்னவென்றே தெரியாது. வேறு ஊரில் சந்தைக் கணக்கு வேறாக இருக்கும், போன உடனே விசாரியுங்கள்.

தாயிடம் என்ன சொல்வது?

"சிஸ்டர், நீங்கதான் ஊசி போட்டீங்க. இப்ப மாத்திரையும் எதுக்கு? ஊசி சரியில்லையா?"

தன்னார்வலர் இந்தப் பக்கத்துக் குருனே மொழியில் கேட்டு, எனக்கு ஆங்கிலத்தில் சொல்லும் கேள்வி இதுதான், ஊருக்கு ஊர். இதில் சந்தேகம் மட்டும் இல்லை, நியாயமும் இருக்கிறது. மற்ற ஊசிகளோடு மாத்திரை எதுவும் கொடுப்பதில்லையே. தட்டம்மைக்குப் போட்டால் தட்டம்மை வருவதில்லை. அதே எதிர்பார்ப்பு இங்கேயும்.

"இந்த ஊசி பாதி வழியில் நிறுத்தும், எல்லாவற்றையும் நிறுத்தாது. தப்பி வருவதை மாத்திரை பிடிக்கும். மழை நிற்கும் வரை இரண்டும் வேண்டும். வலைக்குள் படுப்பதும் வேண்டும்" என்பதுதான் நான் சொல்லும் பதில். ஊசி போட்டும் மலேரியா வரலாம் என்பதை ஊசி போடும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு வந்தால் "ஏமாத்திட்டாங்க" என்று ஆகிவிடும், நான்காவது ஊசிக்கு அந்த வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

ஊசி அட்டையையும் மாத்திரை அட்டையையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுப்பதும் நல்லது. இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே விஷயம் என்று தானாகவே புரிந்துகொள்கிறார்கள்.

காய்ச்சலோடு ஒரு குழந்தை

சேர்த்து நடத்தும்போது உங்களைக் குழப்பப் போவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஊசி போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சல் வருவது சாதாரணம். சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வரலாம். மேலே சொன்ன ஆய்வில் ஊசி பெற்ற ஐந்து குழந்தைகளுக்கு ஊசியன்றோ மறுநாளோ வந்தது, எல்லாரும் பின்விளைவு இல்லாமல் தேறினார்கள். இதைத் தாயிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆனால் "ஊசிக் காய்ச்சல்தான், போய்விடும்" என்று சோதிக்காமல் அனுப்பாதீர்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஊசி போட்டதால் ஆர்டிடி எனும் மலேரியா விரைவுச் சோதனை பாசிட்டிவ் காட்டுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். காட்டாது. சோதனை தேடுவது ரத்தத்தில் வளரும் ஒட்டுண்ணியின் ஹெச்ஆர்பி-2 புரதத்தை, ஊசியில் இருப்பது வேறு புரதம். இன்னொரு பக்கம், மலேரியாவுக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் அந்தப் புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். அண்மையில் சிகிச்சை எடுத்த குழந்தைக்கு மறுபடி காய்ச்சல் என்றால் நுண்ணோக்கியில் பார்க்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.

சோதனை பாசிட்டிவ் என்றால் அது இப்போது நோயாளி. முழுச் சிகிச்சை கொடுக்க வேண்டும், இந்தச் சுற்றின் தடுப்பு மாத்திரை கிடையாது. சிகிச்சைக்கு ஆர்டிசுனேட்-அமோடியாகுயினைத் தவிர்த்து ஆர்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின் போன்ற வேறு கூட்டு மருந்தைக் கேளுங்கள். தடுப்புக்கும் சிகிச்சைக்கும் ஒரே அமோடியாகுயினைக் கொடுப்பது சரியில்லை. நெகட்டிவ் என்றால் காய்ச்சலின் காரணத்தைச் சுகாதாரப் பணியாளர் பார்த்து, குழந்தை விழுங்கும் நிலையில் இருந்தால் மாத்திரையைக் கொடுக்கலாம்.

மாத்திரை கொடுக்கவே கூடாதவர்கள் யார் என்பதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சல்ஃபா மருந்தோ அமோடியாகுயினோ ஒத்துக்கொள்ளாத குழந்தை, எச்ஐவிக்காகக் கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா மருந்தைத் தினமும் எடுக்கும் குழந்தை, கடந்த 28 நாளுக்குள் இதே மருந்துகளில் ஒன்றை எடுத்த குழந்தை. எஃபாவிரென்ஸ் என்ற எச்ஐவி மருந்தை எடுப்பவர்களுக்கு அமோடியாகுயின் கல்லீரலைப் பாதிக்கும். இவர்களில் பலருக்கு ஊசி மட்டும் போடலாம். மாத்திரை எட்டாத இடத்திலும் ஊசி எட்டும் என்பது இதனால் கிடைக்கும் கூடுதல் லாபம்.

வருடம் முழுக்க மலேரியா இருக்கும் இடத்தில்

கானாவின் தென்பகுதி போல மழை நீண்டு பெய்யும் இடங்களுக்கு மேலே சொன்ன சுற்று முறை பொருந்தாது. அங்கே பரிந்துரைப்பது சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமினை மட்டும், குழந்தை வழக்கமான தடுப்பூசிகளுக்கு வரும் நாட்களிலேயே கொடுப்பது. ஊசியும் மாத்திரையும் ஒரே மேசையில் முடிந்துவிடும், சந்தைக் கணக்கு பார்க்கும் தொல்லை இல்லை.

நீங்கள் வரும்போது

இங்கே வேலைக்கு வர இருக்கும் பெரியவர்கள் கேட்கிறார்கள், "நாங்களும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு வரலாமா?" முடியாது. இந்த ஊசிகள் மலேரியா உள்ள இடத்தில் வாழும் சின்னக் குழந்தைகளுக்கானவை, பயணிகளுக்கு இல்லை. மலேரியா ஒட்டுண்ணிகளில் ஃபால்சிபாரம் வகையைத்தான் அவை குறிவைக்கின்றன, வைவாக்ஸ் வகைக்கு உதவாது. உங்களுக்கு மாத்திரை மட்டும்தான். மருத்துவரிடம் காட்டி வாங்குங்கள். மெஃப்ளோகுயின் என்றால் கிளம்புவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும், அடோவகோன்-புரோகுவானிலும் டாக்சிசைக்ளினும் ஓரிரு நாள் முன்பு தொடங்கினால் போதும். திரும்பிப் போன பிறகு அடோவகோன்-புரோகுவானில் ஏழு நாள், மற்ற இரண்டும் நான்கு வாரம் தொடர வேண்டும்.